பளுதூக்கும் பயிற்சிக்கு எந்த ஷூ? வாங்குவதற்கு முன் குடும்பத்தார் அறிய வேண்டியவை

"அத்தா, ஜிம்முக்குப் போட ஷூ வேணும்." பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்று அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அரியமங்கலம், பால்பண்ணை, காட்டூர், பொன்மலை என நம் பகுதியில் எங்கு பார்த்தாலும் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகிவிட்டன. ஃபஜ்ர் தொழுகை முடித்து நேராக ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்காக டாக்டர் சொல்லி எடை தூக்க ஆரம்பித்த பெரியவர்களும் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஷூ என்று வரும்போது பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கின்றன. ஓடுவதற்கான ஷூவைப் போட்டுக்கொண்டு எடை தூக்கவிடுவது ஒன்று. ஆன்லைனில் பார்த்த விலை உயர்ந்த ஷூவை, தேவை வருமுன்பே வாங்கிக் கொடுப்பது இன்னொன்று.

முதல் தவறு முழங்காலையும் முதுகையும் பாதிக்கலாம். இரண்டாவது மாத பட்ஜெட்டைப் பாதிக்கும். ஆகவே எந்தப் பயிற்சிக்கு எந்த ஷூ, எப்போது வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கடைக்குப் போவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஜிம்முல என்ன செய்யிறே?" பதிலைப் பொறுத்து ஷூ மாறும். எடை தூக்கும் பயிற்சி எல்லாம் ஒன்றல்ல.

பளுதூக்குதல் என்பது ஒலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டு. இதில் இரண்டே தூக்குகள். தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது ஸ்நாட்ச். முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது கிளீன் அண்ட் ஜெர்க். முன்பு 'பிரஸ்' என்று மூன்றாவது தூக்கு ஒன்றும் இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அது நீக்கப்பட்டது.

வலுதூக்குதல், அதாவது பவர் லிஃப்டிங், வேறு விளையாட்டு. பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து இடுப்பு வரை இழுக்கும் டெட்லிஃப்ட் ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

மூன்றாவது, நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்யும் பொதுவான உடற்பயிற்சி. கொஞ்சம் டம்பெல், கொஞ்சம் மெஷின், பத்து நிமிடம் டிரெட்மில்.

இந்த மூன்றாவது வகைக்குத் தனியாக வெயிட்லிஃப்டிங் ஷூ தேவையே இல்லை. இதைத் தெரிந்துகொண்டாலே பல வீடுகளில் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

ஓடும் ஷூ ஏன் ஆகாது?

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கால் தரையில் மோதுகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்கத்தான் ரன்னிங் ஷூவின் அடியில் தடித்த ஃபோம் வைக்கிறார்கள். அழுத்தினால் அமுங்க வேண்டும், விட்டால் எழும்ப வேண்டும் என்பதே அதன் வேலை.

எடை தூக்கும்போது நிலைமை நேர்மாறானது. 65 கிலோ உடல் எடையுள்ள பையன் 80 கிலோ பார்பெல்லோடு ஸ்குவாட் செய்கிறான் என்றால், அவன் பாதங்களின் மேல் மொத்தம் 145 கிலோ இருக்கிறது. அடியில் ஃபோம் இருந்தால் அது ஒரே சீராக அமுங்காது. ஒருபுறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் அமுங்கும். பாதம் உள்பக்கம் சாயும், முழங்கால் உள்ளே மடியும், பார்பெல் ஆடும். மெத்தை மேல் நின்றுகொண்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தரையில் நின்று தூக்கும் உறுதி அங்கே வராது.

காலால் தரையை உந்தும் விசையில் ஒரு பகுதி அந்த ஃபோமை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. எடை கூடக்கூட இந்த ஆட்டமும் கூடும். எடை குறைவாக இருக்கும் ஆரம்ப நாட்களில் பிரச்சினை தெரியாது. உடல் எடைக்குச் சமமான பார்பெல்லைத் தூக்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

வெயிட்லிஃப்டிங் ஷூவில் என்ன இருக்கிறது?

இந்த ஷூவை மற்ற ஷூக்களிலிருந்து பிரிப்பவை நான்கு அம்சங்கள்.

ஒன்று, அமுங்காத சோல். முன்பு மரத்தாலும் அடுக்கி ஒட்டிய தோலாலும் குதிகாலைச் செய்தார்கள். இன்று பெரும்பாலும் கடினமான பிளாஸ்டிக் வகையால் செய்கிறார்கள். விலை குறைந்த மாடல்களில் அடர்த்தியான ஃபோம் வைப்பதும் உண்டு. அது ரன்னிங் ஷூ ஃபோம் போல மென்மையாக இருக்காது, ஆனால் பிளாஸ்டிக் அளவுக்குக் கடினமும் அல்ல.

இரண்டு, உயர்ந்த குதிகால். முன்பாதத்தைவிடக் குதிகால் சற்று உயரமாக இருக்கும்.

மூன்று, பாதத்தின் மேல் குறுக்காக இழுத்துக் கட்டும் பட்டை. ஷூவுக்குள் பாதம் வழுக்காமல் இது பிடித்துக்கொள்ளும். சில மாடல்களில் இரண்டு பட்டைகள் இருக்கும்.

நான்கு, அகன்ற, தட்டையான அடிப்பரப்பு. தரையோடு முழுமையாகப் படிந்து நிற்க இது உதவுகிறது.

குதிகால் உயரம் எதற்கு?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. குதிகால் உயரம் பலத்தைக் கூட்டாது. கணுக்கால் மடங்க வேண்டிய அளவைக் குறைக்கும், அவ்வளவே.

ஆழமாக உட்கார வேண்டுமானால் முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னே வர வேண்டும். அதற்குக் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். மடங்காவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். குதிகால் தரையைவிட்டு எழும்பும், அல்லது முதுகு அளவுக்கு மீறி முன்னால் சாயும். ஸ்நாட்சில் தலைக்கு மேல் கை விரித்துப் பிடித்திருக்கும்போது முதுகு சாய்ந்தால் பார்பெல் கையைவிட்டுப் போகும். அதனால்தான் ஒலிம்பிக் வீரர்கள் பெரும்பாலும் உயர்ந்த குதிகால் ஷூ அணிகிறார்கள். நெஞ்சை நிமிர்த்தி ஆழமாக உட்கார அது வழி செய்கிறது.

சந்தையில் கிடைக்கும் ஷூக்களில் இந்த உயரம் பெரும்பாலும் 15 முதல் 22 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதிகம் காணப்படுவது முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 அல்லது 20 மில்லிமீட்டர். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வெளியே தெரியும் குதிகாலின் மொத்தத் தடிமனை அளந்தால் சரியான கணக்கு வராது. குதிகாலின் தடிமனிலிருந்து முன்பாதத்தின் தடிமனைக் கழித்தால் வருவதே உண்மையான உயரம். குதிகால் 30, முன்பாதம் 10 என்றால் உயரம் 20 மில்லிமீட்டர்.

உயரம் கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். குதிகால் உயர உயர, வேலையில் கூடுதல் பங்கு இடுப்பிலிருந்து தொடையின் முன்தசைக்கும் முழங்காலுக்கும் மாறுகிறது. முழங்காலில் ஏற்கனவே வலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உயரமான ஷூவுக்கு மாறக் கூடாது.

எந்தப் பயிற்சிக்கு எது?

ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க்: வெயிட்லிஃப்டிங் ஷூ அவசியம். 20 மில்லிமீட்டரை ஒட்டிய உயரமும் கடினமான சோலும் வேண்டும்.

ஸ்குவாட்: ஆளைப் பொறுத்தது. கால்களை நெருக்கி வைத்து, நிமிர்ந்த முதுகோடு ஆழமாக உட்காருபவர்களுக்கு உயர்ந்த குதிகால் உதவும். கால்களை அகட்டி வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காருபவர்களுக்குத் தட்டையான ஷூவே நல்லது.

டெட்லிஃப்ட்: தட்டையான, மெல்லிய சோல் வேண்டும். குதிகால் உயர்ந்த ஷூ போட்டால் இழுக்க வேண்டிய தூரம் கூடும், உடல் எடையும் முன்பாதத்துக்குப் போகும். வெயிட்லிஃப்டிங் ஷூ வாங்கிவிட்டோம் என்பதற்காக டெட்லிஃப்டுக்கும் அதையே போடுவது நம் ஜிம்களில் பரவலாக நடக்கும் பிழை.

பெஞ்ச் பிரஸ்: வழுக்காத எந்த உறுதியான சோலும் போதும்.

டிரெட்மில், ஸ்கிப்பிங், ஓட்டம்: இவற்றுக்கு ரன்னிங் ஷூதான். வெயிட்லிஃப்டிங் ஷூ போட்டு ஓடவே கூடாது. அது மடங்காது, அதிர்ச்சியையும் தாங்காது.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்பவர்கள்: பள்ளிக்கூடத்தில் பி.டி. வகுப்புக்குப் போட்ட வெள்ளைக் கேன்வாஸ் ஷூ நினைவிருக்கிறதா? சில நூறு ரூபாய் விலை, மெல்லிய ரப்பர் சோல். உள்ளே இருக்கும் மெத்தென்ற அட்டையை எடுத்துவிட்டால் டெட்லிஃப்டுக்கும் ஆரம்பநிலை ஸ்குவாட்டுக்கும் அதுவே நல்ல ஷூ. முதல் ஆறு மாதம் அதுவே போதும்.

கணுக்காலை வீட்டிலேயே சோதிக்கலாம்

உயர்ந்த குதிகால் தேவையா என்பதை வாங்குமுன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செலவு கிடையாது.

முதல் சோதனை: வெறுங்காலோடு, குதிகால் தரையில் பதிந்திருக்க, குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். எதையும் பிடிக்காமல் ஒரு நிமிடம் சிரமமின்றி உட்கார முடிந்தால் கணுக்கால் நன்றாகவே மடங்குகிறது. பின்னால் விழப்போனாலோ குதிகால் எழும்பினாலோ கணுக்கால் இறுக்கமாக இருக்கலாம். வெஸ்டர்ன் கழிப்பறையும் நாற்காலியும் வந்தபின் வளர்ந்த பிள்ளைகளில் பலர் இதில் தடுமாறுகிறார்கள். பாட்டிமார் இன்றும் சுலபமாக உட்காருகிறார்கள்.

இரண்டாவது சோதனை: சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரல் நுனி இருக்கும்படி ஒரு காலை வைக்க வேண்டும். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை முன்னே கொண்டுபோய்ச் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அந்தக் கணுக்கால் இறுக்கம். இரண்டு கால்களையும் தனித்தனியே பாருங்கள். பழைய சுளுக்கு இருந்த கால் பெரும்பாலும் பின்தங்கும்.

இறுக்கமாக இருந்தால் ஷூ உதவும். ஆனால் தினமும் சில நிமிடம் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் செய்து வர வேண்டும்.

சில ஜிம்களில் குதிகாலுக்கு அடியில் இரண்டரை கிலோ பிளேட்டை வைத்து ஸ்குவாட் செய்யச் சொல்கிறார்கள். டைல்ஸ் தரையில் பிளேட் நகரும். பாதத்தின் நடுவே தாங்கலும் இருக்காது. எடை கூடிய பிறகு இது ஆபத்து. தற்காலிகமாக வேண்டுமானால் தச்சரிடம் சொல்லிச் சரிவான மரப்பலகை ஒன்று செய்துகொள்ளலாம். பாதம் முழுவதும் படியும்படி அது இருக்க வேண்டும்.

வளரும் கால்களுக்கு

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. "வளர்ற காலு, ரெண்டு சைஸ் பெருசா வாங்கு, அடுத்த பெருநாளுக்கும் ஆகும்." செருப்புக்கும் பள்ளி ஷூவுக்கும் சரி. பளுதூக்கும் ஷூவுக்கு இது கூடவே கூடாது. உள்ளே பாதம் வழுக்கினால் ஷூ இருந்தும் பயனில்லை. தலைக்கு மேல் எடை இருக்கும்போது அரை அங்குலம் வழுக்கினாலும் விபத்துதான்.

பதின்ம வயதில் பாதம் வேகமாக வளரும். அந்த வயதில் விலை உயர்ந்த ஷூ வாங்கினால் சில மாதங்களிலேயே சின்னதாகிவிடும். பாதம் வளர்ந்து முடியும்வரை கேன்வாஸ் ஷூவிலோ விலை குறைந்த ஆரம்பநிலை மாடலிலோ பயிற்சி செய்யட்டும். அந்த வயதில் கற்க வேண்டியது எடையல்ல, முறை. ஆண்களுக்கான போட்டி பார்பெல் வெறும் கம்பியே 20 கிலோ. பெண்களுக்கானது 15 கிலோ. சில மாதங்களுக்கு அந்தக் கம்பியே தாராளம். ஆரம்பத்தில் அதைவிட இலேசான கம்பியும் மரக்கோலும்கூடப் போதும்.

சரியான அளவு எடுப்பது எப்படி?

மாலை நேரத்தில் அளவெடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். தரையில் வெள்ளைத்தாள் வைத்து, அதன் மேல் எழுந்து நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும். குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளங்கள். அகலத்தையும் அளங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது. பெரிய பாதத்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

'8' என்று போட்டிருந்தால் அது யு.கே. அளவா, அமெரிக்க அளவா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு. சென்டிமீட்டரை வைத்து அந்த நிறுவனத்தின் அட்டவணையில் பார்ப்பதே பிழையற்ற வழி.

ரன்னிங் ஷூவில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுவார்கள். பளுதூக்கும் ஷூவில் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விரல்கள் நசுங்கக் கூடாது, குதிகால் உள்ளே எழும்பவும் கூடாது. பயிற்சியில் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து, ஐந்தாறு முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் வெறுங்காலோடு எடை தூக்கக் கூடாது. கைதவறி விழும் சிறிய பிளேட்கூட ஆறாத புண்ணில் கொண்டுபோய் விடும். இறுக்கமான ஷூவும் அவர்களுக்கு ஆகாது. ஒவ்வொரு நாளும் ஷூவைக் கழற்றியதும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோல் விஷயத்தில் கவனம்

இன்று விற்கும் வெயிட்லிஃப்டிங் ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கை இழையாலும் ரெக்சின் போன்ற பொருளாலும் செய்யப்பட்டவை. சில மாடல்களில் இயற்கைத் தோலும் உண்டு. தோல் என்றால் எந்தத் தோல் என்று பார்க்க வேண்டியது நம் கடமை. ஷூவின் உள்பக்க லைனிங்கில் பன்றித் தோல் பயன்படுத்தும் வழக்கம் உலகச் சந்தையில் உண்டு. பதனிட்ட பிறகும் பன்றித் தோல் தூய்மையாவதில்லை என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஐரோப்பிய முறையில் லேபிள் ஒட்டிய ஷூக்களில் மேல்பகுதி, உள்பகுதி, சோல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கும். விரித்த மாட்டுத்தோல் போன்ற படம் இருந்தால் இயற்கைத் தோல். வலை போன்ற கட்டம் இருந்தால் துணி. சாய்சதுரம் இருந்தால் ரப்பர், பிளாஸ்டிக் போன்ற மற்றப் பொருள். தோல் படத்துக்குள் சிறு சாய்சதுரம் இருந்தால் மேல்பூச்சு பூசிய தோல். இந்தக் குறியீடு தோலா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும், எந்த விலங்கு என்று சொல்லாது. தோல் படம் இருந்தால் பொருள் விவரத்தில் 'பிக் ஸ்கின்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள், இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். பன்றித் தோலில் முடித் துளைகள் மும்மூன்றாக, முக்கோண வடிவில் அமைந்திருக்கும். நன்றாக மெருகேற்றிய தோலில் அது தெரியாமலும் போகலாம். சந்தேகம் தீராவிட்டால் முழுக்கச் செயற்கைப் பொருளாலான மாடலை எடுப்பது எளிது. பயிற்சிக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

பெண் பிள்ளைகள் பயிற்சி செய்தால்

பெண்களுக்கான பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். அந்த முதல் ஆண்டிலேயே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார்.

உடை காரணமாக நம் பெண்கள் ஒதுங்கிய காலம் இருந்தது. 2011ஆம் ஆண்டு, பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட அமெரிக்கப் பெண் குல்சூம் அப்துல்லாஹ், உடலை மூடிய உடையில் போட்டியிட அனுமதி கோரினார். அவ்வாண்டே சர்வதேசப் பளுதூக்குதல் சம்மேளனம் விதியைத் திருத்தி, போட்டி உடைக்கு உள்ளே கைகால்களை மூடும் உடை அணிய அனுமதித்தது. எகிப்தின் சாரா அஹ்மத் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தலையை மறைத்தபடியே 69 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார்.

ஷூ விஷயத்தில் பெண்களுக்கு இரண்டு கூடுதல் கவனங்கள். ஒன்று, பல மாடல்கள் ஆண்களின் அளவில் தொடங்குகின்றன. சிறிய அளவு கிடைக்காமல் பெரியதை வாங்கி இரண்டு சாக்ஸ் போட்டு ஒப்பேற்றக் கூடாது. இரண்டு, தளர்ந்த பேண்ட்டின் ஓரம் ஷூவின் அடியில் மாட்டிக்கொள்ளும். கணுக்காலோடு நிற்கும், ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த பேண்ட் பாதுகாப்பானது.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு

சர்வதேசப் பளுதூக்குதல் விதிகளின்படி போட்டி மேடையில் ஷூ கட்டாயம். ஷூவின் மேல்பகுதி சோலின் மேல்மட்டத்திலிருந்து 130 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. சோல் ஷூவைவிட்டு 5 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டியிருக்கக் கூடாது. பாதத்தின் மேல் பட்டை வைக்கலாம். பவர் லிஃப்டிங்கில் சோலின் உயரம் 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. டெட்லிஃப்டுக்கு மெல்லிய ஸ்லிப்பர் அணியலாம். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது நடப்பு விதியைப் பயிற்சியாளரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த வீரர்களுக்கு ஷூ எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு வழக்கத்தைச் சொல்லலாம். விளையாட்டிலிருந்து விடைபெறும் வீரர் கடைசித் தூக்கு முடிந்ததும் ஷூவைக் கழற்றி மேடையிலேயே விட்டுச் செல்வார். ரியோவில் 62 கிலோ பிரிவில் தங்கம் வென்ற கொலம்பியாவின் ஆஸ்கர் ஃபிகுரோவா கண்ணீரோடு அப்படிச் செய்தார்.

வேலூர் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் பளுதூக்குதல் என்றதும் நினைவுக்கு வருவது வேலூர் சத்துவாச்சாரி. அங்கிருந்து வந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம். வசதி மிகுந்த வீட்டுப் பிள்ளை அல்ல அவர். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரர், காவலாளியாக வேலை பார்த்தவர். வீட்டில் இந்த விளையாட்டு தெரிந்தவர் இருந்ததும், சரியாகக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்ததும், வருடக்கணக்கில் விடாமல் உழைத்ததும்தான் அவரை அந்த மேடைக்குக் கொண்டுபோயின.

அதே வட்டாரத்தில்தான் ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் இருக்கின்றன. நம் சமுதாயத்தினர் தலைமுறைகளாகத் தோல் பதனிடும் தொழிலிலும் ஷூ தொழிலிலும் இருக்கும் ஊர்கள் அவை. அங்கே தைக்கும் ஷூக்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. பளுதூக்கும் பிள்ளைகளுக்கென்று தரமான, நியாய விலை ஷூவை அவர்கள் செய்ய முன்வந்தால் திருச்சியில் இருக்கும் நாம்கூடப் பயனடைவோம்.

ஆன்லைனில் வாங்கும்போது

திருச்சியில் சிங்காரத்தோப்பிலும் பெரிய கடைவீதியிலும் விளையாட்டு ஷூக்கள் தாராளமாகக் கிடைத்தாலும், வெயிட்லிஃப்டிங் ஷூவைப் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு பிராண்டுகளில் பல மாடல்கள் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அதனால் இவற்றைக் கவனியுங்கள்:

திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். வந்ததும் வீட்டுக்குள் பாய் விரித்து அதன் மேல் போட்டுப் பாருங்கள். தெருவில் ஓர் அடி வைத்தாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

குதிகாலைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். குழி விழுந்தால் அது பளுதூக்கும் ஷூ அல்ல. பெயரும் சின்னமும் அப்படியே இருந்து, சோல் மட்டும் மென்மையாக இருக்கும் 'ஃபர்ஸ்ட் காப்பி' ஷூக்கள் ஏராளம். அசல் ஷூவின் குதிகாலைத் தரையில் தட்டினால் 'டக்' என்று கட்டையான சத்தம் வரும்.

மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

பழைய ஷூ வாங்கினால் சோல் ஒட்டியிருக்கும் ஓரத்தைப் பாருங்கள். சில வகை சோல்கள் பயன்படுத்தாமல் வருடக்கணக்கில் வைத்திருந்தாலே பொடிப்பொடியாக உதிரும். சோல் நன்றாக இருந்தால் பழைய ஷூ வாங்குவதில் தவறில்லை. நல்ல ஷூ பல வருடம் உழைக்கும்.

பராமரிப்பு

ஜிம்முக்குள் மட்டும் போடுங்கள். போகும்போதும் வரும்போதும் செருப்பு போதும். தெருக்கல்லும் மண்ணும் சோலின் பிடிப்பைக் கெடுக்கும். நம்மூர் வெயிலில் பைக் பெட்டியிலோ காரிலோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் பசை இளகும். பயிற்சி முடிந்ததும் பட்டையைத் தளர்த்தி, உள் அட்டையை எடுத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வாஷிங் மெஷினில் போடக் கூடாது.

எப்போது வாங்கலாம்?

நாம் சொல்ல வருவதன் சுருக்கம் இதுதான். பயிற்சி முதலில், ஷூ பிறகு. பிள்ளை ஆறு மாதம் விடாமல் போயிருக்கிறானா? பார்பெல் ஸ்குவாட்டோ ஸ்நாட்சோ செய்கிறானா? அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பயிற்சியாளர் இருக்கிறாரா? பாதம் வளர்ந்து முடிந்துவிட்டதா? நான்குக்கும் 'ஆம்' என்றால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். அது வீண் செலவு அல்ல. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இப்போதைக்குக் கேன்வாஸ் ஷூ போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல பயிற்சியாளரிடம் சேர்த்துவிடலாம், வீட்டில் முட்டையும் பருப்பும் பாலும் கூடுதலாக வாங்கலாம்.

தவறான முறையில் தூக்கும் எடையை எந்த ஷூவும் திருத்தாது. ஒருமுறை நீங்களே ஜிம்முக்குப் போய், பிள்ளை எப்படித் தூக்குகிறான், எந்தத் தரையில் நிற்கிறான், பக்கத்தில் கவனிக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஷூ வாங்குவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.